பூஜ்யம் எண் பேட்டி

அப்பாவின் சட்டையைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வலது கையைத் தூக்கினால் தோள்மூட்டுக்குள் ஏதோ நறநறத்தது. நர்ஸ் கத்தரிக்கோலை மகளிடம் கொடுத்து, கீழிருந்து மேலாக வெட்டச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அவசரப் பிரிவில் அன்று கட்டில்கள் பன்னிரண்டு, நர்ஸ்கள் இரண்டே பேர்.

சாம்பல் நிறச் சீருடை. முதுகில் துப்புரவுக் கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது. ரத்தம் காய்ந்து துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் ஈரப் பஞ்சால் நனைத்து நனைத்துப் பிரித்தாள். விலாவில் ஒரு ஷூவின் அடித்தடம் அப்படியே பதிந்திருந்தது. எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. எட்டு வரிகள். குதிகால் பக்கம் தோல் பிய்ந்திருந்தது. மிதித்தவன் காலை வைத்துத் திருகியிருக்கிறான்.

அப்பாவின் இடது கண் வீங்கி மூடிவிட்டது. தாடை ஒரு பக்கமாக நகர்ந்து வாய் கோணியிருந்தது. முன்பற்கள் இரண்டு இல்லை. மூச்சு விடும்போதெல்லாம் மூக்கோரத்தில் சிவப்பாக ஒரு குமிழி வந்து உடைந்தது.

தம்பி வெல்டிங் பட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலின் மறுபக்கம் குனிந்து அப்பாவின் காதருகில் பேசினான்.

"யாருப்பா அடிச்சது? பேரை மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அப்பா அவனைப் பார்க்கவில்லை. திறந்திருந்த ஒரு கண்ணை மகள்மேல் நிறுத்தினார். இடது கையை மெதுவாகத் தூக்கி, நெற்றிக்குக் கொண்டுபோய், விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். பிறகு கை கட்டிலில் விழுந்தது.

"மண்டையில பலமா பட்டிருக்கு," என்றான் தம்பி. "என்ன செய்யறோம்னே தெரியல அவருக்கு."

அவளுக்குத் தெரிந்தது. கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றுவிட்டது.

அவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஒரு தலைமுறையில் ஒரு வேலையில் இருந்த குடும்பம் அடுத்த தலைமுறையில் எங்கே போய்ச் சேர்கிறது, யார் மேலே ஏறுகிறார்கள், யார் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள், ஏன் என்பதுதான் விஷயம். நாற்பது வீடுகளில் பேட்டி எடுக்க வேண்டும். பேராசிரியர் தன்னோடு படித்த நண்பரிடம் சொல்லி, மூன்று கோபுரங்கள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அனுமதி வாங்கிக் கொடுத்தார். நண்பர் அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர். அனுமதிக் கடிதத்தை அவள் வீட்டுக்கு எடுத்து வந்த அன்று அப்பா எட்டிப் பார்த்து, "இது நம்ம கோட்டை ஆச்சே," என்றார். ஆறு வருடமாக அந்த மூன்று கோபுரங்களின் கண்ணாடிகளையும் துடைப்பவர் அவர். ஏணியும் தோளுமாகவே திரிவதால் அங்கே அவருக்கு ஏணிக்காரர் என்றே பெயர்.

கேள்விகள் புரிகின்றனவா என்று சரிபார்க்க முதல் பேட்டியை அப்பாவிடமே எடுத்தாள். சொந்த வீட்டு ஆளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதால் அதற்குப் பூஜ்யம் என்று எண் கொடுத்தாள்.

அன்றைக்கே ஒன்றைச் சொல்லியும் வைத்தாள். அங்கே தன்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். பேட்டி எடுக்க வருகிறவள் ஏணிக்காரர் மகள் என்று தெரிந்தால் அவர்கள் சொல்லும் பதில் மாறிவிடும். ஆராய்ச்சியே கெட்டுப்போகும். சொன்னது உண்மைதான். ஆய்வு முறை பற்றிய புத்தகங்களில் அதற்கென்று தனி அத்தியாயமே உண்டு. முழு உண்மையும் அதுதானா என்று தன்னைக் கேட்டுக்கொள்ள அவளுக்கு அப்போது நேரம் இருக்கவில்லை.

அப்பா வருத்தப்படவில்லை. விளையாட்டாக எடுத்துக்கொண்டார். லாபியில் எதிர்ப்பட்டால் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, விறைப்பாக நின்று நெற்றியில் கை வைத்து, "வணக்கம் மேடம்," என்பார். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு குடியிருப்போர் லிஃப்டில் ஏறுவாள். அவருக்கு வேலையாட்கள் போகிற சர்வீஸ் லிஃப்ட். சாயங்காலம் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "இன்னைக்கு அந்த மேடம் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. ரொம்பத் திமிரு பிடிச்ச பொம்பளை," என்று அம்மாவிடம் புகார் வைப்பார். பேட்டி எடுக்கப் போவதும் அங்கேதான் என்று இருவருமே சொல்லாததால், அது யாரோ குடியிருக்கிற பொம்பளை என்றுதான் அம்மா நினைத்திருந்தாள்.

நடந்தது என்ன என்பதை அம்மாவிடமும் தம்பியிடமும் சொன்னவள் மாப்பக்கா. இருபது வருடமாக அந்த மாதிரிக் கட்டடங்களில் தரை துடைப்பவள். மாப்பும் கையுமாகவே எல்லோரும் பார்த்ததில் சொந்தப் பெயர் மறைந்து போயிற்று. அவள்தான் அப்பாவைக் குடியிருப்பின் குப்பை வண்டியில் ஏற்றி, பின் கேட் வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தவள். அவளுடைய புடவை முந்தானை முழுக்க ரத்தம்.

காலை பத்தே முக்காலுக்கு லாபி சோபாவில் சிகரெட் பெட்டி அளவில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி கிடந்ததாம். ஏணிக்காரர் அதைக் கண்டதும் ஏணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு லிஃப்டுக்கு ஓடினாராம். சர்வீஸ் லிஃப்ட் பழுது. எதிரே குடியிருப்போர் லிஃப்ட் திறந்திருந்தது. ஏறி ஒன்பதை அழுத்திவிட்டார். ஐந்தாவது மாடியில் லிஃப்ட் நின்றது. கதவு திறந்தால் வெளியே செயலாளர். உள்ளே சீருடை போட்டவன், அவன் கையில் அவனுடையதாக இருக்க முடியாத ஒரு பொருள்.

"பார்க்கிங்குக்கு இழுத்துட்டு வந்தாங்க," என்றாள் மாப்பக்கா. "மொத அடி யாருன்னு நினைக்கிறீங்க? செக்யூரிட்டி. தினம் இவரோட டீ குடிக்கிறவன். செயலாளர் நின்னு பாத்துட்டிருக்காரு, அடிக்கலேன்னா அவனும் கூட்டுக் களவாணி ஆயிடுவான்ல. அவன் அடிச்சப்புறம் எல்லாருக்கும் கை வந்துடுச்சு. ரெண்டு டிரைவருங்க, ஜிம்முக்குப் போறவன் ஒருத்தன். இவரோட கண்ணாடி துடைக்கிற கம்பாலயே அடிச்சாங்க. கம்பு ரெண்டாச்சு. அப்புறம் கால்."

யாருடையது என்று கேட்டார்கள். ஒன்பதாவது மாடியில் இருக்கிற மேடத்தோடது என்றார். எந்த மேடம் என்று கேட்டார்கள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாவது மாடியில் நான்கு வீடுகள். நான்குக்கும் இன்டர்காமில் கேட்டார்கள். எந்த வீட்டிலும் எதுவும் காணாமல் போகவில்லை. ஒவ்வொரு வீடும் இல்லை என்று சொல்லச் சொல்ல ஒவ்வொரு சுற்று அடி விழுந்தது. நான்காவது சுற்றில் தலை தூணில் மோதியது.

"யாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. யாருக்காகத்தான் இப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டு..."

வார்டு வாசலில் வந்து நின்றவளைப் பார்த்ததும் மாப்பக்காவின் பேச்சு நின்றது. கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தாள். கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தாள்.

"உங்க மகளா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா ஆமாம் என்றாள். மாப்பக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, தனக்கு மதிய ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தே முக்காலிலிருந்து பதினொன்றரை வரை மகள் ஒன்பதாவது மாடியில் இருந்தாள். பேட்டி எண் முப்பத்தொன்பது. பையில் கைவிட்டபோது கருவி இல்லை. வீட்டில் மறந்துவிட்டதாக நினைத்துக் கையாலேயே எழுதிக்கொண்டாள். நடுவில் இன்டர்காம் அடித்தது. அந்த வீட்டம்மாள் எடுத்து, இல்லையே, எங்கள் வீட்டில் எதுவும் காணாமல் போகவில்லையே என்று சொல்லி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரோ திருடன் அகப்பட்டிருக்கிறானாம் என்றார். கீழே பார்க்கிங் பக்கமிருந்து கூச்சல் மேலே வந்தது. அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். வெளிச்சத்தம் பதிவில் விழக் கூடாது என்று எல்லா வீட்டிலும் செய்கிற காரியம் அது. பதிவு செய்யக் கருவியே இல்லை என்பது தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பத் திறக்கவில்லை.

அடுத்தது ஏணிக் கேள்வி. சமூகத்தைப் பத்துப் படி உள்ள ஓர் ஏணி என்று வைத்துக்கொண்டால் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? வீட்டம்மாள் வெகுநேரம் யோசித்து ஐந்து என்றார். தங்களுக்கு மேலே எவ்வளவோ பேர் இருக்கிறார்கள் என்றார். அவள் கட்டத்துக்குள் ஐந்து என்று எழுதினாள். எழுத்து அழகாகவே விழுந்திருந்தது.

சாயங்காலம் நான்கு பத்துக்கு மூக்கோரக் குமிழி வருவது நின்றது. தம்பிதான் முதலில் கவனித்தான். டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தான். டாக்டர் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டதும், பக்கத்தில் இருந்த குளுகோஸ் பாட்டில் மாட்டும் கம்பியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். இரண்டு அடியில் சுவர்ப் பூச்சு உதிர்ந்தது. யாரும் தடுக்கவில்லை. மூன்றாவது அடிக்கு முன்பு அவனே கம்பியை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, தரையில் சிதறியதைக் காலால் ஒதுக்கினான்.

உடலைப் பிணவறைக்குக் கொண்டுபோனார்கள். காவல் நிலையத்திலிருந்து ரைட்டர் வந்து விவரம் சொன்னார். வாக்குமூலம் தயாராக இருக்கிறது. இறந்தவர் திருடிய பொருளோடு தப்பி ஓடும்போது பார்க்கிங் சரிவில் வழுக்கி விழுந்து தூணில் தலை மோதியது என்று இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் காலையில் வந்து கையெழுத்துப் போட்டால் மதியத்துக்குள் உடல் கைக்கு வரும். போடாவிட்டால் விசாரணை, மேல் விசாரணை என்று போகும். எத்தனை நாள் ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது. கருவி உறையில் போட்டு முத்திரை வைத்திருக்கிறது. இதுவரை யாரும் தன்னுடையது என்று கேட்டு வரவில்லை.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது பேராசிரியர் கூப்பிட்டார். செயலாளர் போன் செய்தாராம். அங்கே ஏதோ அசம்பாவிதமாம், ஒலிப்பதிவுக் கருவி ஒன்று சம்பந்தப்பட்டிருக்கிறதாம். உன்னுடையதாக இருந்தால் இப்போது போய்க் கேட்டு நிற்காதே என்றார். அதில் முப்பத்தெட்டு வீட்டுக் குரல்கள் இருக்கின்றன. வெளியே விட மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். வழக்கில் மாட்டினால் எல்லாம் கோர்ட்டுக்குப் போகும், நான்கு வருட உழைப்பு வீண், இனி யாரும் நம் துறைக்குக் கதவு திறக்க மாட்டார்கள். சொன்னது எல்லாமே சரியாகத்தான் இருந்தது. கடைசியில் குரலைத் தணித்து, "யாரோ துப்புரவுத் தொழிலாளியாம், பாவம். குடும்பம்னு இருக்குமே," என்றார்.

"இருக்கும் சார்," என்றாள் அவள்.

வீட்டில் தம்பி கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து வைத்திருந்தான். அந்தச் செக்யூரிட்டியின் முழங்காலிலிருந்து ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னான். பிறகு செயலாளர். எந்தெந்த எலும்பு என்பதுவரை வரிசை வைத்திருந்தான். எங்கப்பா ஒரு குண்டூசியைக்கூட எடுக்க மாட்டார், அந்த மேடம் யார் என்று தெரிந்தால் அவளையும் என்றான். அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். வெட்டிய சீருடைச் சட்டையின் இரண்டு பாதிகளையும் மடியில் வைத்து, ஓரத்தோடு ஓரத்தைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்துவிடலாமா என்று பார்ப்பதுபோல் இருந்தது.

தம்பி முகம் கழுவப் போனதும் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏம்மா, ஒருவேளை எடுத்திருப்பாரோ?"

அவள் கீழே விழுந்திருந்த சட்டைப் பொத்தானை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"அந்த மாதிரி ஒண்ணு உனக்கு வேணும்னு எப்பவாவது அவர்கிட்டச் சொன்னியா? மத்தபடி எடுக்கற ஆள் இல்ல. நீ கேட்டிருந்தா எடுத்திருப்பார்டி. உனக்காகன்னா எடுத்திருப்பார்." அம்மா சட்டையை மடித்தாள். "எடுத்திருந்தா நமக்குள்ள இருக்கட்டும். தம்பிக்குத் தெரிய வேணாம். காலையில நான் போய்க் கையெழுத்துப் போட்டுடறேன்."

தம்பி துண்டால் முகத்தைத் துடைத்தபடி வாசலில் நின்றிருந்தான். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை.

"அது என்னோடதும்மா," என்றாள் அவள். "அந்த மேடம் நான்தான்."

நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னாள். பேட்டி, அனுமதிக் கடிதம், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று தான் சொன்னது, லாபி சலாம், சோபாவில் மறந்த கருவி, இன்டர்காம். எதையும் விடாமல் சொன்னதாகத்தான் அவளே நினைத்தாள். ஜன்னலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

முதல் அறை இடது கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது அதே இடத்தில். தம்பி சின்ன வயதில்கூட அவளைத் தொட்டதில்லை. அவள் நல்ல மதிப்பெண் வாங்கினால் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

"பதில் மாறிடும்னு சொன்னியா? எந்தப் பதில் அக்கா? அவரு உன் அப்பன்னு தெரிஞ்சா எந்தப் பதில் மாறிடும்?"

மூன்றாவது அடியைக் கை மடக்கி அடித்தான். உதடு பல்லில் கிழிந்து அவள் பீரோவில் போய் மோதினாள். பீரோ கண்ணாடி விரிசல் விட்டு, அதில் தெரிந்த தம்பியின் முகம் மூன்று துண்டானது. அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தடுக்காதது அவனை இன்னும் கிளப்பிவிட்டது. இரும்புக் குழாயை நோக்கித் திரும்பினான்.

அப்போதுதான் அம்மா எழுந்தாள். குழாயின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போதும்டா. இன்னைக்கு ஒரு தாடை உடைஞ்சது போதும்."

கொஞ்ச நேரம் இருவரும் குழாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றார்கள். பிறகு தம்பி விட்டுவிட்டான். அம்மா அதைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். ஈரத் துணியை மகள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

காலை ஒன்பது மணிக்கு மூவரும் காவல் நிலையம் போனார்கள். ரைட்டரின் மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. வெளியே பிரதான சாலை. ரைட்டர் அவளுடைய உதட்டையும் கன்னத்தையும் பார்த்தார். வாக்குமூலத்தை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்.

அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். 'திருடிய பொருள்' என்பது மூன்று இடத்தில் வந்தது. பேனாவை மூடினாள்.

"இதுல கையெழுத்துப் போட முடியாது சார். அந்தக் கருவி என்னுடையது."

ரைட்டர் நாற்காலியில் சாய்ந்தார். இப்படிச் சொல்கிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன் என்றார். பில் இருக்கிறதா என்று கேட்டார். துறையில் கொடுத்த கருவி, பில் தன்னிடம் இல்லை என்றாள் அவள். அப்படியானால் அடையாளம்?

"மொத்தம் முப்பத்தொன்பது பதிவு இருக்கும். முதல் பதிவைப் போட்டுப் பாருங்க. எண் பூஜ்யம்."

அவர் உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு உறையோடு வந்தார். முத்திரையை உடைப்பதற்கு முன்பு ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"நல்லா யோசிச்சுக்கோம்மா. உன்னுதுன்னு ஆயிட்டா இது சாட்சியம். உள்ள இருக்கிற அத்தனை பேர் குரலும் கோர்ட்டுல கேக்கும். அவங்க உன்னைச் சும்மா விட மாட்டாங்க. உன் படிப்பு, வேலை எல்லாம் பாத்துக்கோ. அப்பா போயிட்டாரு. போனவரு திரும்ப வரப்போறதில்ல."

தம்பி சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடித்த கையின் விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அப்பாவுக்குப் போட ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. இன்று மதியம் உடல் வராது என்பது அம்மாவுக்குப் புரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"போடுங்க சார்," என்றாள்.

கருவியின் மூலை நசுங்கியிருந்தது. பொத்தானில் காய்ந்த ரத்தம். ரைட்டர் அதை நகத்தால் சுரண்டிவிட்டு அழுத்தினார். முதலில் இரைச்சல். பிறகு அவளுடைய குரல், புத்தகம் படிப்பதுபோல்.

"பேட்டி எண் பூஜ்யம். உங்க தொழில் என்ன?"

"கண்ணாடி துடைக்கிறது மேடம்."

பின்னால் அடுப்படிப் பக்கமிருந்து ஒரு பெண் சிரிப்பது கேட்டது. பெஞ்சில் இருந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

"ஒழுங்காச் சொல்லுங்கப்பா, பதிவாகுது."

"ஒழுங்காத்தானே சொல்றேன். மூணு கோபுரம், ஆறு வருஷம். எழுதிக்கோங்க மேடம்."

"உங்க அப்பா தொழில்?"

"கல்லு உடைச்சாரு."

"பிள்ளைங்க தொழில்?"

"பையன் வெல்டர். நல்ல கைவேலைக்காரன். பொண்ணு..." ஒரு செருமல். "பொண்ணு எதிர்ல உக்காந்து என்னை மிரட்டிக்கிட்டு இருக்குது."

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ரைட்டர் பேனாவைத் திறந்து, ஒரு புதுத் தாளை எடுத்து மேலே தேதி போட்டார்.

"சமூகத்தைப் பத்துப் படி உள்ள ஓர் ஏணின்னு வெச்சுக்கிட்டா, நீங்க எந்தப் படியில நிக்கறீங்க?"

கருவியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஏணின்னா கீழ ஒருத்தன் பிடிச்சுக்கணுமே மேடம். பிடிக்கிறவனுக்கு எந்தப் படி?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லப்பா. ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லணும்."

"அப்படியா. அப்ப இப்படிப் போட்டுக்கோ..."

சாலையில் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. அதன் பின்னால் இன்னொன்று. மேசை அதிர்ந்தது. அப்பாவின் பதில் அதில் அமுங்கிப் போயிற்று.

அம்மா துணிப்பையை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள். ரைட்டரின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலின் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள். பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, ரைட்டர் அந்த இடத்தை மறுபடி போட்டுக் காட்டப் பொத்தானை அழுத்துவதற்காகக் காத்திருந்தாள்.